கொடுத்த பணத்தை யார் கழிப்பது?

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கிற மண்டகப்பட்டு, ஒரு குடைவரையால் பெயர் பெற்ற ஊர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் பாறையை மட்டுமே குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த கோயில் அங்கே இருக்கிறது. இன்று இதே மாவட்டத்தில் கல் வேறு விதமாக வெளியே வருகிறது. வானூர் வட்டத்தில் திருவக்கரையைச் சுற்றிலும், இன்னும் பல இடங்களிலும் குவாரிகளும் கிரஷர்களும் ஓடுகின்றன. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் இரவு பகலாகச் சாலையில் இருக்கின்றன. குவாரிக்குள் சாகிறவர்களோடு, குவாரி வேலைக்காகச் சாலையில் போகும்போது சாகிறவர்களும் இருக்கிறார்கள். சட்டச் சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முப்பது வயது குவாரித் தொழிலாளி. மாதச் சம்பளம் 15,000 ரூபாய். கம்ப்ரஸருக்கு உதிரிபாகம் வாங்கிவரச் சொல்லி முதலாளி அவரைத் திண்டிவனத்துக்கு அனுப்புகிறார். மொபெட்டில் போகிறவரை வேறு யாருடைய லாரியோ அடித்துவிடுகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள்.

பிணவறை வாசலிலேயே மூன்று தரப்பிலிருந்து பேச்சு வரும். முதலாளியின் ஆள் வந்து, "கேஸு கீஸுன்னு அலையாதீங்கம்மா, அண்ணன் பாத்துக்குவாரு" என்பார். வக்கீலுக்கு ஆள் பிடிப்பவர், "லாரி இன்ஷூரன்ஸ்ல பெரிய தொகை வரும், வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க" என்பார். விஷயம் தெரிந்த உறவுக்காரர் ஒருவர், "வேலையில இருக்கும்போது செத்தான், லேபர் ஆபீஸுக்குப் போகணும்" என்பார். மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒரு வழியில் வாங்கிய பணம் இன்னொரு வழியில் வரவேண்டியதை என்ன செய்யும் என்பதை மட்டும் மூவருமே சொல்ல மாட்டார்கள்.

இந்தியச் சட்டம் இந்தக் குடும்பத்துக்கு இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது. ஒன்று தொழிலாளர் இழப்பீடு. 1897இல் இங்கிலாந்தில் வந்த சட்டத்தின் வழியில் இங்கே 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது; 2025 நவம்பர் 21க்கு முந்தைய விபத்துகளுக்குப் பொருந்துவது இதுவே. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நடந்தால் முதலாளி கொடுக்க வேண்டும். தவறு யாருடையது என்ற கேள்வியே கிடையாது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் உயர் அதிகாரிகளே இதற்கான ஆணையராக இருந்து விசாரிக்கிறார்கள். மற்றது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழான தீர்ப்பாயம். வக்கீல்கள் வாயில் எம்.சி.ஓ.பி. என்று புழங்கும் மனு இங்கேதான் போகிறது. தொகை பெரியது. ஆனால் முழு இழப்பீடு வேண்டுமென்றால் எதிரே வந்த வண்டியின் மீது தவறு இருந்ததைக் காட்டியாக வேண்டும்.

இரண்டு வாசலிலும் நுழைய முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு, ஒரே மரணமோ காயமோ இரண்டு சட்டங்களின் கீழும் உரிமை தருமானால் ஏதாவது ஒன்றில் மட்டுமே கேட்கலாம் என்கிறது. ஒரு வாசலைத் தேர்ந்து உள்ளே போனவர் பிறகு மற்றதன் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005 இறுதியில் உறுதியாகச் சொன்னது.

எது லாபம்? கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். தொழிலாளர் இழப்பீட்டில் மரணத்துக்கு, மாதச் சம்பளத்தின் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்குக் காரணி 207.98. ஆகவே 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். சம்பளம் முப்பதாயிரமாக இருந்தாலும் இதே தொகைதான். 2020 ஜனவரியில் நிர்ணயித்த 15,000 ரூபாய் உச்சவரம்பைத் தாண்டிக் கணக்கிட மாட்டார்கள். அதற்கு முன்பு பத்தாண்டுகள் அந்த வரம்பு 8,000 ரூபாயாக இருந்தது.

மோட்டார் தீர்ப்பாயத்தில் கணக்கு வேறு. 2009இல் டெல்லிப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையும், 2017 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சேர்த்த திருத்தங்களும் அங்கே செல்லும். சம்பளத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் மாதம் 21,000. ஆண்டுக்கு 2,52,000. இறந்தவரின் சொந்தச் செலவு என்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. முப்பது வயதுக்குப் பெருக்கும் எண் 17. மொத்தம் 32,13,000 ரூபாய். இறுதிச்சடங்கு, துணை இழப்பு போன்றவை தனி.

இரண்டு மடங்குக்கும் மேல். பிறகு யார் லேபர் ஆபீஸ் பக்கம் போவார்கள் என்று தோன்றும். ஆனால் மொபெட்காரர் மீதும் பாதித் தவறு என்று தீர்ப்பாயம் சொன்னால் 32 லட்சம் 16,06,500 ஆகிவிடும். வித்தியாசம் ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. முழுத் தவறும் அவருடையது என்றால் அந்தக் கணக்கே எழாது. லேபர் ஆபீஸில் இந்தப் பயம் இல்லை. மரணம் என்றால் குடித்திருந்தார் என்ற வாதம்கூட முதலாளியைக் காப்பாற்றாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. அதற்கு மேலும் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம். முதலாளி எடுத்த இன்ஷூரன்ஸ் வட்டி வரை ஏற்கும். அபராதத்தை முதலாளி தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1997இலேயே சொல்லிவிட்டது. ஆகவே எந்த வாசல் என்பதைப் போலீஸ் வரைந்த விபத்து வரைபடமும் எப்.ஐ.ஆரும்தான் பெரும்பாலும் தீர்மானிக்க வேண்டும். நடப்பில் அதைத் தீர்மானிப்பது, வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த ஆள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். குடும்பம் மோட்டார் தீர்ப்பாயத்துக்குப் போக நினைத்திருக்கிறது. முதலாளியோ தானாகவே ஆணையரிடம் பணத்தைக் கட்டிவிடுகிறார். ஆணையர் கூப்பிட்டுக் கொடுக்கிறார், குடும்பமும் வாங்கிக்கொள்கிறது. இது 167ஆம் பிரிவு சொல்லும் தேர்வு ஆகிவிடுமா? லாரி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆகும் என்றுதான் வாதாடின.

நியூ மங்களூர் துறைமுகக் கழக ஊழியர் ஒருவர் 2003இல் சாலை விபத்தில் இறந்தபோது நடந்தது இதுவே. குடும்பம் மோட்டார் தீர்ப்பாயத்தை நாடியது. துறைமுகக் கழகமோ தன் கடமை என்று 3,26,140 ரூபாயை ஆணையரிடம் செலுத்த, அது குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தீர்ப்பாயத்தின் கணக்கில் வந்த இழப்பீடு 11,44,440 ரூபாய். ஓரியண்டல் இன்ஷூரன்ஸ் இந்த வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2013 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு சுருக்கமானது: முதலாளி தானாகக் கட்டியதை வாங்கிக்கொண்டது குடும்பம் செய்த தேர்வு ஆகாது. அவர்கள் ஆணையரிடம் மனுப் போட்டுக் கேட்டிருந்தால்தான் தேர்வு. எனவே மோட்டார் மனு செல்லும். ஏற்கெனவே வந்த தொகையை மட்டும் கழித்துக்கொண்டு மீதி 8,18,300 ரூபாயைக் கொடுத்தால் போதும்.

கேட்டு வாங்கினால் அடுத்த வாசல் மூடிவிடும். கேட்காமல் வந்தால் மூடாது, கழித்துக்கொள்வார்கள். பல லட்சம் ரூபாய் இந்த ஒரு வேறுபாட்டில் தொங்குகிறது. லேபர் ஆபீஸ் நோட்டீஸ் வந்தது என்று போய், அங்கே நீட்டிய மனுவில் கையெழுத்திட்டு வரும் பெண்ணுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இதே விஷயத்தை நேரெதிராகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே தொழிலாளி வேலை இழப்பீட்டையும் வாங்கலாம், மோதிய மூன்றாம் ஆள் மீதும் வழக்குப் போடலாம். ஆனால் அந்த வழக்கில் வரும் பணத்தின் மீது, முதலில் இழப்பீடு கொடுத்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பற்றுரிமை உண்டு. தான் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதி தொழிலாளிக்கு. நியூயார்க் மாநிலத்தில் அந்தக் கம்பெனியின் சம்மதமில்லாமல் மூன்றாம் ஆளோடு சமரசம் செய்துகொண்டால் எதிர்காலத்தில் வரவேண்டிய வேலை இழப்பீடே போய்விடும். வழக்கை நடத்தியது தொழிலாளியின் வக்கீல். பலன் கம்பெனிக்கும் போகிறது. ஆகவே வக்கீல் செலவில் கம்பெனியும் பங்கு தர வேண்டும் என்று அந்த மாநில உச்ச மன்றம் 1983இல் சொன்னது. பற்றுரிமைத் தொகையைப் பேசிக் குறைப்பதே அங்கே வக்கீல்களுக்குத் தனித் தொழில்.

இங்கே முதலாளிக்குத் தொழிலாளியின் கையிலிருக்கும் பணத்தின் மீது அப்படி ஓர் உரிமை இல்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இழப்பீட்டுத் தொகையை அடகு வைக்கவோ, ஜப்தி செய்யவோ, வேறொரு கடனுக்கு ஈடுகட்டவோ முடியாது என்கிறது. சம்பள முன்பணம் வாங்கியிருந்தார் என்று குவாரி முதலாளி அதில் கைவைக்க முடியாது. 13ஆம் பிரிவு முதலாளிக்கு வேறொரு வழியைக் காட்டுகிறது: விபத்துக்குப் பொறுப்பான மூன்றாம் ஆளிடம் போய், தான் கொடுத்ததை அவர் ஈடுகட்ட வேண்டும் என்று கேட்கலாம். மங்களூர் வழக்கின் கணக்கில் 3,26,140 ரூபாய் துறைமுகக் கழகத்தின் தோளில் நிற்கிறது. தவறு செய்த வண்டியின் தரப்பிடம் அதைக் கேட்பது இனி அதன் பாடு. விதவையின் வாசலுக்கு அது வர வேண்டியதில்லை. நூறாண்டுக்கு முந்தைய இந்தப் பிரிவு, அமெரிக்க முறையைவிட நியாயமானது என்றே சொல்ல வேண்டும். பிரிட்டனும் அரசு உதவித்தொகை விஷயத்தில் 1997 சட்டத்தில் இதே திசையில்தான் போயிருக்கிறது. அரசு தன் பணத்தை வசூலிப்பது இழப்பீடு கொடுக்கிறவரிடம். வலிக்கும் வேதனைக்குமான தொகை அதற்காகத் தொடப்படுவதில்லை.

கழிப்பது என்று வந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எதையும் கழிக்கப் பார்க்கும். எல்.ஐ.சி. பாலிசி, பி.எஃப்., குடும்பப் பென்ஷன், கருணை வேலை என எல்லாமே எழுத்துமூல வாதத்தில் வரும். 1998 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. விபத்தே நடக்காமல் இயல்பாக இறந்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய பணம் விபத்து இழப்பீட்டில் கழியாது. சந்தா கட்டிச் சேர்த்தது செத்தவர். அதன் பலன் மோதியவருக்குப் போவானேன்? 2018இல் அதே மன்றம் பென்ஷன், பணிக்கொடை, கருணை வேலை எதையும் கழிக்கக் கூடாது என்று மீண்டும் சொன்னது. மெடிக்ளெய்ம் பணத்தைக் கழிக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மாறாக, ஹரியானா அரசு 2006 விதிகளின்படி இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு அதே சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்துவந்ததை, சம்பள இழப்பு என்ற தலைப்பில் மட்டும் 2016இல் கழிக்க அனுமதித்தார்கள். ஒரே இழப்பை இரண்டு பேர் ஈடுகட்டுகிறார்களா என்பதே சோதனை. தொழிலாளர் இழப்பீடு அந்தச் சோதனையில் சிக்கும், எல்.ஐ.சி. சிக்காது.

காயம்பட்டுப் பிழைத்தவர்கள் விஷயத்தில் மருத்துவச் செலவு இன்னொரு குழப்பம். வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவை முதலாளி தர வேண்டும் என்று 2009 திருத்தம் சேர்த்தது. அதே பில்லை மோட்டார் தீர்ப்பாயத்திலும் கேட்பார்கள். முதலாளி கட்டியது எந்தத் தலைப்பில் என்று எழுதி வைக்காவிட்டால், மருத்துவத்துக்குக் கொடுத்ததை வருமான இழப்பிலிருந்து கழிக்கச் சொல்வார்கள். தொகைக்குத் தலைப்பு எழுதுவது குமாஸ்தா வேலை போலத் தெரியும். கழிக்கும் நேரத்தில் அந்தத் தலைப்பு ஒன்றுதான் சாட்சி.

இதுவரை சொன்னது, தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவர்களுக்கு. 2025 நவம்பர் வரை, சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த குவாரி, இ.எஸ்.ஐ. சட்டம் சொன்ன தொழிற்சாலை ஆகவில்லை. ஆனால் திண்டிவனம் சிப்காட்டில் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற ஆலைத் தொழிலாளி இ.எஸ்.ஐ.க்குள் வருவார். அங்கே மொத்தமாகப் பணம் கிடையாது. சார்ந்தோர் பயனாக மாதாமாதம் வரும். அந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவு இன்னும் கறாரானது. வேலைக் காயத்துக்கு முதலாளியிடமிருந்தோ வேறு யாரிடமிருந்தோ, வேறெந்தச் சட்டத்தின் கீழும் இழப்பீடு பெற முடியாது என்கிறது. முதலாளியைப் பொறுத்தவரை இந்தத் தடை முழுமையானது என்று 1996, 1997 ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சொல்லிவிட்டன. வழியில் போன லாரிக்காரரும் அந்த "வேறு யாரும்" என்பதில் அடங்குவாரா? சம்பந்தமே இல்லாமல் வந்து மோதிய லாரியின் உரிமையாளர், செத்தவர் கட்டிய இ.எஸ்.ஐ. சந்தாவைக் காட்டித் தப்பித்துக்கொள்வது சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்க முடியாது. ஆனால் எழுத்து அப்படி வாசிக்க இடம் தருகிறது.

இந்த முடிச்சு இறுகியது நல்லெண்ணத்தால். வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி லாரி மோதிய தொழிலாளி ஒருவரின் வழக்கில், அது வேலைக் காயம் இல்லை என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை மாற்ற 2010இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ பிரிவைச் சேர்த்தார்கள். வேலையோடு தொடர்பு இருந்தால் போக வர நடக்கும் விபத்தும் வேலைக் காயமே என்றானது. 2025 ஜூலை 29 அன்று, பணிக்கு வந்துகொண்டிருந்த சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவரின் வழக்கில், 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இப்படியே வாசிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2025 நவம்பர் 21 அன்று 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923 சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. வழிப்பயண விபத்தும் ஈடுகட்டப்படும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

தொழிலாளிக்கு இது வெற்றிதான். கூடவே இன்னொன்றும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் காலை ஷிஃப்டுக்கு மொபெட்டில் போகும்போது அடிபட்டவருக்கு மோட்டார் தீர்ப்பாயம் ஒன்றே வழி. குழப்பம் இல்லை. இப்போது சாலையில் நடக்கும் ஏராளமான மரணங்களுக்கு இரண்டு வாசலும் திறக்கின்றன; எனவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. இ.எஸ்.ஐ. தொழிலாளி என்றால் தடை என்ற வாதமும் வருகிறது. உரிமையைக் கூட்டியவர்கள், கூடிய உரிமைகள் ஒன்றையொன்று இடிக்கும் இடத்தைச் சரிசெய்யவில்லை. மங்களூர் தீர்ப்பின் வழியை எல்லோருக்கும் பொதுவாக்கி, "எதில் வேண்டுமானாலும் கேள், பெற்றதைக் கழித்துக்கொள்வோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இரட்டைப் பலன் என்ற அச்சத்துக்குக் கழிப்பதே மருந்து. வாசலை மூடுவது தேவையில்லாத தண்டனை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற இதே நிபந்தனைதான். அங்கே வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்கலாம். அல்லது முதலாளி மீது உரிமையியல் வழக்குப் போடலாம். இரண்டும் கிடையாது.

இனி முதலாளி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் பணம். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் ஒன்றோ இரண்டோ லட்சம் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில், "இனி எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை" என்று கையெழுத்து வாங்குவார்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் அந்தப் பத்திரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம் கட்டினால்தான் கட்டியதாக அர்த்தம் என்கிறது 8ஆம் பிரிவு. பெண் தொழிலாளிக்கு மொத்தமாகக் கொடுக்கும் காய இழப்பீட்டுக்கும் இதே விதிதான். நேரடியாகக் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரை மட்டும் முன்பணமாகக் கருதி ஆணையர் முதலாளிக்குத் திருப்பித் தரலாம். நமது உதாரணத்தில் அது 45,000 ரூபாய். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 17ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. காயத்துக்கான சமரச ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்யாவிட்டால், முழுத் தொகைக்கும் முதலாளி பொறுப்பு; ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும், ஆணையர் அனுமதித்தால் அன்றி, அவருக்கு உரிமையில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று சும்மா இருந்துவிடும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மக்கள் நீதிமன்றம் இதற்கு நேர்மாறு. அங்கே எழுதும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்லும் தொகை, முதலாளி ஆணையரிடம் கட்டியதைக் கழித்த பிறகானதா, கழிக்கும் முன்பானதா? அந்த ஒரு வரி சமரசத் தீர்ப்பில் இல்லையென்றால், பிற்பாடு காசோலை வரும்போதுதான் சண்டை தொடங்கும். இருபது லட்சம் என்று கைகுலுக்கியது நாலரை லட்சத்துக்கும் கீழே சுருங்கினால், திருத்திக் கேட்க எளிய வழி இல்லை.

ஆகவே விபத்தில் ஒருவரை இழந்த வீட்டார் எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். லேபர் ஆபீஸிலிருந்து வந்திருப்பது முதலாளி தானாகக் கட்டிய பணமா, நம் பெயரில் யாராவது போட்ட மனுவா? கட்டியதற்கான ஆணையரின் கடித நகல் எங்கே? செத்தவருக்கு இ.எஸ்.ஐ. எண் இருந்ததா? எப்.ஐ.ஆரில் யார் மீது தவறு என்று எழுதியிருக்கிறது? பதில் கிடைக்கும் வரை பேனாவைத் தொட வேண்டாம். விபத்து நடந்தது 2025 நவம்பர் 21க்கு முன்பா பின்பா என்பதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்; எந்தச் சட்டத்தின்படி மனு என்பது அதைப் பொறுத்தது. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அதற்கு மாவட்ட ஆணைக்குழுவை அணுகலாம். தேசிய உதவி எண் 15100. ஆணையரிடம் கேட்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. மோட்டார் மனுவுக்கு 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் எழுதியிருப்பது ஆறு மாதம்தான்.